காமராஜரின் தேர்தல் கணக்கு

அன்புள்ள யாழினிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். கல்வி வளர்ச்சி நாள் விழாவுக்காக நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மதிய உணவு பற்றிய பகுதி நன்றாக வந்திருக்கிறது. அதில் கை வைக்காதே. எனக்கு நெருடியது கடைசிப் பக்கத்து அட்டவணை. ஆண்டு, தொகுதி, முடிவு என்று மூன்று கட்டம் போட்டு, 1937இல் தொடங்கி வரிசையாக ‘வெற்றி’ என்று எழுதிக்கொண்டே வந்து 1962இல் நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகும் காமராஜர் மூன்று முறை தேர்தலில் நின்றார். அதில் முதலாவது தோல்வி. அதனால்தான் நிறுத்தினாய் என்று நினைக்கிறேன். அவர்மீது உள்ள அன்பால் செய்த காரியம்தான். ஆனால் அந்த அன்புக்கு இந்த மறைப்பு தேவையில்லை. ஒரு மக்கள் பிரதிநிதியின் கணக்கை எத்தனை முறை வென்றார் என்று மட்டும் எண்ணிப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, யார் வாக்களித்தார்கள், அவர் எந்த வழியாகச் சபைக்குள் போனார், வேறு சுலபமான வழி இருந்ததா என்று கேட்க வேண்டும். கேட்டுப் பார்ப்போம்.

உன் முதல் வரி 1937, சாத்தூர், வெற்றி. அங்கே வாக்கு எண்ணிக்கை என்று ஒன்றுமே கிடையாது, ஏனென்றால் அவர் போட்டியின்றித் தேர்வானவர். போட்டி நடந்திருந்தாலும் ஊரே வந்து வாக்களித்திருக்க முடியாது. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து, வரி, படிப்பு இவற்றில் ஏதோ ஒரு தகுதி உள்ளவர்களுக்கே அப்போது வாக்குரிமை. உள்ளூர்த் தேர்தலில் நிற்பதற்கே காமராஜருக்குச் சொத்துத் தகுதி இல்லாமல் போக, முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை வாங்கி அவர் பெயரில் வரி கட்டினார் என்று அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். கேள்விப்பட்ட செய்தியை அட்டவணையில் சேர்க்க முடியாது. ஆனால் அன்றைய தேர்தல் எப்பேர்ப்பட்டது என்று இதிலிருந்து உனக்குப் புரியும். ஆகவே அந்த வரியில் ‘வெற்றி’யை அடித்துவிட்டு ‘போட்டியின்றி’ என்று எழுது. அந்தச் சபையிலும் அவர் நிறைய நாள் உட்காரவில்லை. 1939இல் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. அடுத்த சில ஆண்டுகள் அவருக்குச் சிறையில் போயின.

அந்தச் சிறைக்காலத்தில் நடந்த ஒன்றை நீ விட்டுவிட்டாய். வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே, 1941இல், விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர் நேரே நகராட்சிக்குப் போய்ப் பதவியை விட்டு விலகினார். முழு நேரமும் கொடுத்துச் செய்ய முடியாத பொறுப்பை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அது சட்டசபைத் தேர்தல் அல்ல, உன் அட்டவணைக்குள் வராது. கட்டுரைக்குள் ஓர் இடம் கொடு.

1946இல் சாத்தூர்–அருப்புக்கோட்டை. அரசியல் நிர்ணய சபைக்கும் அந்த ஆண்டுதான் போனார். அந்தச் சபைக்கு மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் வாக்களித்தார்கள், பொதுமக்கள் அல்ல.

1952க்கு வந்தால் இன்னொரு திருத்தம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் அது சட்டசபைத் தொகுதி அல்ல, மக்களவைத் தொகுதி. இரண்டையும் ஒரே கட்டத்தில் கலக்காதே. வயது வந்த எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் அது. இன்று போலப் பொத்தான் இல்லை, முத்திரை குத்துவதும் இல்லை. திரைக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாகப் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்னம் ஒட்டியிருக்கும். காங்கிரசுக்கு நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி கையில் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு தனியாக உள்ளே போவார். சின்னத்தைப் பார்த்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வெளியே வருவார். அவரோடு உள்ளே யாரும் போகக் கூடாது. ஆசிரியர் வேலையில் இருந்தபோது பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவன் நான். அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கும் அந்த அரை நிமிடத்தைவிடப் பெரிய விஷயம் நம் நாட்டில் எதுவும் இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

இனி 1954, குடியாத்தம். உன் அட்டவணையில் இதற்கு ஒரே ஒரு வரி. நான் எழுதினால் இதற்கே ஒரு பக்கம் ஒதுக்குவேன்.

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152தான். அதுவரை முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். அந்த நெருக்கடியில் ராஜாஜியை அழைத்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். அந்த நியமனத்தைக் கொண்டு அவர் முதலமைச்சரானார். கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி இதை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. சட்டப்படி அது செல்லும். ஆனாலும் மக்கள் முன்னால் போய் நிற்காமல் ஆட்சிக்கு வந்தது சரியல்ல என்பது என் கருத்து. ராஜாஜியின் அறிவையும் நேர்மையையும் மதிப்பவன்தான் நான்.

குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயர் வைத்த பள்ளிக்கல்வி மாற்றத்துக்கு எதிர்ப்பு மூண்டு, ராஜாஜி விலகினார். கட்சிக்குள் நடந்த தேர்வில் காமராஜருக்கு 93 வாக்கு, எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கு 41. 1954 ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதலமைச்சரானார். எட்டே பேர் கொண்ட அமைச்சரவை, அதில் சி. சுப்பிரமணியமும் அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார்கள். ஆனால் முதலமைச்சரான அன்று காமராஜர் சட்டமன்ற உறுப்பினர் அல்ல, மக்களவை உறுப்பினர். அமைச்சராகிறவர் ஆறு மாதத்துக்குள் மாநிலத்தின் ஏதாவது ஓர் அவையில் உறுப்பினராக வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும். இது அரசமைப்புச் சட்டத்தின் 164ஆவது பிரிவு. மேலவைக் கதவு திறந்தே இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர் அந்த வழியாகத்தான் வந்திருந்தார். காமராஜர் கைகாட்டியிருந்தால் மேலவையில் ஓர் இடம் ஒழிந்திருக்கும்.

அவர் இடைத்தேர்தலுக்குப் போனார். அதுவும் எங்கே? சொந்த ஊரிலோ சொந்த மாவட்டத்திலோ அல்ல. வடஆற்காட்டில், நெசவாளர்கள் நிறைந்த குடியாத்தத்தில். சாதிக்காரர்கள் பலமும் இல்லாத இடம். எதிரில் கம்யூனிஸ்ட் கட்சியின் வி.கே. கோதண்டராமன். தோற்றிருந்தால் முதலமைச்சர் பதவியும் போயிருக்கும். காங்கிரசை மேடைதோறும் எதிர்த்துவந்த பெரியாரும் அண்ணாவின் தி.மு.க.வும் அந்தத் தேர்தலில் அவரை ஆதரித்தார்கள். பெரிய வித்தியாசத்தில் வென்று சட்டசபைக்குள் வந்தார். யாழினி, இந்த ஒரு வரியை ‘1954, குடியாத்தம், வெற்றி’ என்று எழுதிவிட்டுப் போனால் படிப்பவருக்கு என்ன தெரியும்? ‘முதலமைச்சராக இருந்துகொண்டு, மேலவைக்குப் போகாமல், இடைத்தேர்தலில்’ என்று சேர்த்து எழுது.

உடனே நீ அண்ணாவைப் பற்றிக் கேட்பாய். 1967இல் அவரும் மேலவை வழியாகத்தானே வந்தார் என்று. ஆமாம். ஆனால் அதே பொதுத்தேர்தலில் தென்சென்னையில் மக்களவைக்கு நின்று மக்கள் வாக்கில் வென்றவர் அவர். இரண்டையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1957, 1962 இரண்டிலும் சாத்தூர், இரண்டிலும் வெற்றி. இங்கே தேர்தலைவிட அந்தப் பதவிக்காலம்தான் முக்கியம். அதை நீயே நன்றாக எழுதியிருக்கிறாய்: 1956இல் தொடங்கிய மதிய உணவு, இலவசக் கல்வி, வைகை அணை, சாத்தனூர் அணை, கிண்டி தொழிற்பேட்டை. ஒன்பதரை ஆண்டு முதலமைச்சராக இருந்துவிட்டு, 1963 அக்டோபர் 2 அன்று கட்சி வேலைக்காகத் தானே பதவி விலகினார். யாரும் அவரை இறக்கிவிடவில்லை. பதவி முடிந்த விதத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

இப்போது நீ விட்ட வரி. 1967, விருதுநகர். அவர் பிறந்த ஊர். அப்போது அவர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். சாஸ்திரியும் இந்திராவும் பிரதமரானதில் அவர் கை இருந்தது. எதிரில் தி.மு.க. நிறுத்தியவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். சீனிவாசனுக்கு 33,421 வாக்கு, காமராஜருக்கு 32,136. வித்தியாசம் 1,285.

இந்த எண்ணோடு கொஞ்சம் உட்கார். 643 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். சில தெருக்கள், அவ்வளவுதான். அதே நேரம் இது விருதுநகரில் மட்டும் நடந்த விபத்து அல்ல. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. அரிசிக்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். சுதந்திரா, முஸ்லிம் லீக், மார்க்சிஸ்ட் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கட்சிகளையெல்லாம் அண்ணா ஒரே அணியில் சேர்த்திருந்தார். குலக்கல்விக்காக யாரை எதிர்த்தார்களோ அந்த ராஜாஜியும் அந்த அணியில்தான். இன்னொரு விஷயம் உனக்கு வியப்பாக இருக்கும்: மாநிலம் முழுக்கக் காங்கிரசும் தி.மு.க.வும் வாங்கிய வாக்கு ஏறத்தாழ சமம், ஆளுக்கு 41 விழுக்காட்டை ஒட்டி. ஆனால் காங்கிரஸ் அநேகமாக எல்லாத் தொகுதிகளிலும் நின்று வாங்கியது அது, தி.மு.க. 174 இடங்களில் நின்று 137இல் வென்றது. எதிர் வாக்குகள் சிதறிக் கிடந்தவரை வென்ற கட்சி, அவை ஒன்று சேர்ந்ததும் தோற்றது. ‘நன்றி கெட்ட ஜனங்கள்’ என்று நம் பெரியவர்கள் சிலர் இன்றும் விருதுநகரைத் திட்டுவதைக் கேட்டிருப்பாய். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. தலைவர் செய்ததற்கு விலையாக வாக்கைக் கேட்க முடியாது. காமராஜரும் அப்படிக் கேட்கவில்லை, முடிவை ஏற்றுக்கொண்டார்.

1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தல் வந்தது. மார்ஷல் நேசமணி இறந்ததால் ஒழிந்த இடம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் வென்றார். இதையும் சொந்த மாவட்டத்துக்கு வெளியேதான் வென்றார், கவனித்தாயா? 1971இல் மறுபடி நாகர்கோவில். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில், கட்சி பிளந்த பிறகு அவர் இருந்த ஸ்தாபனக் காங்கிரஸ் வென்ற ஒரே மக்களவை இடம் அதுதான். 1975 அக்டோபர் 2 அன்று அவர் மறையும்போது நாகர்கோவில் உறுப்பினராகவே மறைந்தார்.

சரிபார்க்க எங்கே போவாய் என்று சொல்லிவிடுகிறேன். தேர்தல் ஆணையம் 1951–52 முதல் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் புள்ளிவிவர அறிக்கை வைத்திருக்கிறது. தொகுதி வாரியாக வேட்பாளர் பெயரும் வாக்கும் இருக்கும். மேடைப் பேச்சிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் எண்ணை எடுக்காதே. ஆனால் பொதுத்தேர்தல் அறிக்கையில் இடைத்தேர்தல் இருக்காது என்பதை நினைவில் வை. குடியாத்தத்தை அதில் தேடினால் 1952 முடிவுதான் கிடைக்கும், காமராஜர் பெயரே இருக்காது. 1954க்குப் பழைய செய்தித்தாளும் சட்டமன்றக் குறிப்புகளும்தான் கதி. சென்னைக்கு வரும்போது சொல், கன்னிமாரா நூலகத்துக்கு நானே அழைத்துப் போகிறேன்.

அட்டவணையைத் திருத்தி எழுது. சட்டசபை ஒரு பகுதி, மக்களவை ஒரு பகுதி. ‘எதிர்த்து நின்றவர்’ என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடு. கோதண்டராமன் பெயரும் சீனிவாசன் பெயரும் அதில் இருக்கட்டும். 1967 வரியில் இரண்டு பேர் வாங்கிய வாக்கையும் முழு எண்ணாக எழுது. விழாவுக்கு முன்னால் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா