ஊசி பாதி, தகவல் பாதி: பெரியம்மை ஒழிந்த கதை

உங்கள் வீட்டில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் வட்டத் தழும்பைக் காட்டி, "சின்ன வயசுல அம்மை குத்தினது" என்பார்கள். இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்த ஊசி கிடையாது. ஏன்? பெரியம்மை என்ற நோயே இப்போது இல்லை. மனிதர்களைத் தாக்கும் தொற்றுநோய்களில் உலகம் முழுவதும் ஒழிக்கப்பட்டது இது ஒன்றுதான்.

எவ்வளவு கொடியது?

வைசூரி என்றும் இதைச் சொல்வார்கள். நோய் வந்த 10 பேரில் சுமார் 3 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குப் பார்வையே போனது. குணப்படுத்த மருந்து இல்லை. 1796-ல் எட்வர்ட் ஜென்னர் கண்டறிந்த தடுப்பூசி முறை மட்டுமே கைகொடுத்தது. நம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் தொடங்கப்பட்டதும் இந்தத் தடுப்பு மருந்தைத் தயாரிக்கத்தான்.

ஊசி இருந்தும் ஏன் போகவில்லை?

1962-ல் இந்தியாவில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கானோருக்கு ஊசி போட்டும், 1974-ல் பிகார் உள்ளிட்ட மாநிலங்களில் நோய் பெரிய அளவில் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஊசி போடாமல் விடுபட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ என்ற பயத்தில் பலர் நோயை வெளியே சொல்லவே இல்லை.

எது மாற்றியது?

சுகாதாரப் பணியாளர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தோடு வீடு வீடாகப் போனார்கள். "இப்படி யாருக்காவது வந்திருக்கா?" என்று சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசும் உண்டு. அது பின்னர் 1,000 ரூபாயாக உயர்ந்தது. தகவல் வந்ததுமே நோயாளியைத் தனிமைப்படுத்தி, சுற்றியுள்ள வீடுகளில் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள்.

இந்த வைரஸ் மனிதரிடம் மட்டுமே வாழும். தொற்றிக்கொள்ள அடுத்த ஆள் கிடைக்காவிட்டால் அதோடு முடிந்தது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980 மே 8 அன்று, உலகமே பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார சபை அறிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

• தட்டம்மையும் சின்னம்மையும் இன்றும் இருக்கின்றன. காய்ச்சலோடு உடம்பில் தடிப்போ கொப்புளமோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பிலை கட்டுவது உங்கள் நம்பிக்கை; அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீங்க.

• ஒரே தெருவில் பல குழந்தைகளுக்கு இப்படி வந்தால், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே சொல்லுங்கள். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

• தட்டம்மை-ரூபெல்லா ஊசி, அரசு மையங்களில் இலவசம். 9-வது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டையும் போட்டால்தான் முழுப் பாதுகாப்பு.

அன்று ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க ஊர் ஊராக நடந்தார்கள். இன்று அந்தத் தகவலைச் சொல்ல உங்கள் கையில் போன் இருக்கிறது. நீங்கள் மறைக்காமல் சொன்னால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நோய் வராது.