குண்டு துளைக்காத வண்டியா, பிடிக்கிற பிரேக்கா? கொல்லிமலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொல்லிமலையில் துப்பாக்கியே இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காட்டுப்பன்றிக்காகவும் வேட்டைக்காகவும் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பது அந்த மலையில் பழைய வழக்கம். உரிமம் இல்லாதவற்றை ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீஸ் அவ்வப்போது அறிவிக்கிறது. சோதனையில் சில பிடிபடுகின்றன, மறுநாள் செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு, மலையில் மிளகுத் தோட்டமோ விடுதியோ வைத்துக்கொண்டு கீழேயிருந்து போய்வருகிறவர்களுக்கு ஒரு பயம் வருகிறது. வண்டிக்குக் குண்டு துளைக்காத கண்ணாடியாவது போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள்.

வேண்டாம் என்பதே என் பதில். பணம் வீண் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் கவச வண்டி உங்கள் ஆபத்தைக் கூட்டும்.

முதலில் துப்பாக்கியைப் பார்ப்போம். மலையில் பிடிபடுவது பெரும்பாலும் குழல் வாயில் கரிமருந்தைக் கெட்டித்து, பால்ரஸையோ ஈயத் துண்டையோ போட்டுச் சுடும் ஒற்றைக்குழல். ஒரு முறை சுட்டால் மறுபடி கெட்டிக்க நேரம் பிடிக்கும். அது காட்டை நோக்கிச் சுடுவதற்கானது, சாலையில் போகும் காரைக் குறிவைப்பதற்கானது அல்ல. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் அந்த ஊர்களுக்கு வெளியூர் வண்டி பகையும் அல்ல. தவறிப் படும் குண்டு என்று ஒன்று உண்டுதான். இருட்டில் தோட்ட ஓரம் அசைவது பன்றியா ஆளா என்று தெரியாமல் சுடுவதால் வரும் ஆபத்து அது. அதற்கு ஆளாகிறவர் அந்நேரத்தில் காட்டுக்குள் நடந்து போகிறவர், காருக்குள் இருப்பவர் அல்ல.

மறுபக்கக் கணக்கு இது: 2022-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே நாம்தான் முதலிடம்.

இனி கவசம். குண்டு துளைக்காத வண்டி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் படிநிலைகள் உண்டு. ஐரோப்பிய அளவுகோலில் வி.ஆர். 4 என்றால் கைத்துப்பாக்கியைத் தாங்கும். ஏ.கே. 47-ஐத் தாங்க வி.ஆர். 6 வேண்டும். கவசத்தையே துளைக்கும் ரைஃபிள் குண்டுக்கு வி.ஆர். 9, 10 வரை போக வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எடை ஏறுகிறது. மெர்சிடிஸ் எஸ் 680 கார்டு என்ற வி.ஆர். 10 கார் 4.2 டன். சாதாரண எஸ் கிளாஸ் இரண்டு டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம்மூரில் எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கிக் கவசம் போட்டாலும், எந்த நிலை என்பதைப் பொறுத்து அரை டன்னிலிருந்து ஒரு டன்னுக்கு மேல்கூடக் கூடும்.

மலைச்சாலையில் இந்த எடை என்ன செய்யும்? சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். இஞ்சின் பிடித்துவைக்காத அளவுக்கு, அந்த உயரத்தின் ஆற்றல் முழுவதும் பிரேக்கில் சூடாக மாறியாக வேண்டும். இரண்டு டன் வண்டி மூன்று டன் ஆனால் சூடும் ஒன்றரை மடங்கு. நல்ல நிறுவனம் கவசத்தோடு பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மாற்றித் தரும். பட்டறையில் கதவுக்குத் தகடு அடித்துத் தருகிறவர் பழைய பிரேக்கிலேயே அனுப்பிவிடுவார். கண்ணாடியின் எடை வண்டியின் மேற்பாதியில் உட்காருவதால், வளைவில் வண்டி சாய்வதும் கூடும்.

இன்னொன்றை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். கவசக் கண்ணாடி பெரும்பாலும் இறங்காது. இறங்கினாலும் ஒரு விரற்கடை இறங்கும். கொல்லிமலை வளைவில் மேலிருந்து வரும் பஸ்ஸின் ஹாரனைக் காதால் கேட்டுத்தான் ஓரம் கட்டுகிறோம். கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டி, பின்சக்கரம் சாலை விளிம்பை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டிய இடங்களும் உண்டு. தடித்த கண்ணாடிக்கும் தடித்த தூணுக்கும் பின்னால் அடைபட்டு உட்கார்ந்தவருக்கு அந்த ஹாரனும் கேட்காது, விளிம்பும் தெரியாது.

அப்படியானால் பாதிக் கவசம் போதுமா? நடைமுறையில் மூன்று வகை பேசப்படுகிறது. கண்ணாடியில் ஒட்டும் பாதுகாப்பு ஃபிலிம் குண்டை நிறுத்தாது. கல் பட்டால் சில்லு சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. கதவுக்குள் மட்டும் தகடு வைப்பது இன்னும் மோசம், ஏனென்றால் எடை கூடும், தலை இருக்கும் உயரத்தில் வெறும் கண்ணாடிதான் இருக்கும். சாதாரண வண்டித் தகரம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2004 அக்டோபர் 18 இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே, வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் வந்த ஆம்புலன்ஸை அதிரடிப்படை மடக்கிச் சுட்டது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். மூன்றாவது வகையான மார்புக் கவசம், சுடப்படும் வாய்ப்புள்ள வேலையில் இருப்பவருக்குப் பயன்படும். மிளகு மூட்டை ஏற்றப் போகிறவருக்கு வேண்டியதில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர் தந்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் கவசம் போட்டு, விபத்தும் நடந்தால் காப்பீடு கேட்கும்போது சிக்கல்.

கவச வண்டி யாருக்குத் தேவை? பெயர் சொல்லி, ஆள் வைத்து, துப்பாக்கியோடு தேடப்படுகிறவருக்கு. அவருக்கும் அது தினமும் பயன்பட்டால்தான் காவல். பஞ்சாப் பாடகர் சித்து மூசேவாலாவிடம் குண்டு துளைக்காத ஃபார்ச்சூனர் இருந்தது. 2022 மே 29 அன்று அதை வீட்டில் விட்டுவிட்டுச் சாதாரண தார் ஜீப்பில் போனார், வழியில் சுட்டுக் கொன்றார்கள். இலங்கை வெளியுறவு அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமருக்குப் பலத்த காவல் இருந்தும், 2005 ஆகஸ்ட் 12 அன்று கொழும்பில் தன் வீட்டு நீச்சல் குளத்தருகே சுடப்பட்டார். தமிழ்நாட்டுக் கூலிப்படையோ பெரும்பாலும் அரிவாளோடு வருகிறது. 2024 ஜூலை 5 அன்று சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டியது வீட்டுக்கு வெளியே நின்றிருந்தபோது. காரில் ஏறுவதற்கு முன்போ இறங்கிய பிறகோ நடப்பதைக் காரின் கவசம் தடுக்காது. அச்சுறுத்தல் உள்ளவர் முதலில் போலீஸில் புகார் கொடுத்து, காவல் கேட்டு, போய்வரும் நேரத்தையும் வழியையும் மாற்ற வேண்டும். வண்டி அதற்கு அப்புறம்.

துப்பாக்கிச்சூட்டை உண்மையிலேயே எதிர்கொள்கிற ஓட்டுநர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம். மலையடிவார மாவட்டமான நாமக்கல் லாரிக்குப் பேர்போனது. இங்கிருந்து கிளம்பும் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. 2019 அக்டோபரில் காஷ்மீரின் சோபியான் பகுதியில், ஆப்பிள் ஏற்றப் போன வெளிமாநில ஓட்டுநர்களைச் சுட்டுக் கொன்றார்கள். மணிப்பூரில் 2023 மே 3 அன்று கலவரம் வெடித்த பிறகு, இம்பால்–ஜிரிபாம் நெடுஞ்சாலையில் லாரிகள் பாதுகாப்புப் படையின் துணையோடு வரிசையாகப் போக வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் அதே சாலையில் டேங்கர் லாரிகள் மீது சுட்டதில் ஓட்டுநர் ஒருவர் காயமடைந்தார். இவர்களுக்கும் கவச கேபின் தீர்வாகாது. பின்னால் இருப்பது எரிவாயு என்றால் கேபினை மட்டும் காத்து என்ன பயன்? கான்வாய் இல்லாத நாளில் புறப்பட மறுக்கும் உரிமை, தாமதத்துக்குப் பிடித்தம் செய்யாத வாடகை ஒப்பந்தம், உயிரிழப்புக்குப் போதுமான காப்பீடு, இந்த மூன்றையும் லோடு ஏற்றுவதற்கு முன்பே உரிமையாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

மலைக்குத் திரும்புவோம். கவசத்துக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு சிறு பங்கு போதும். பிரேக் ஆயிலை முதலில் கவனியுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதித்த பெடல் தரைவரை போகும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பேடு, டயர், வைப்பர் அதற்கு அடுத்து. புதிதாக வண்டி வாங்குகிறவர் மேல்விலைப் பதிப்பின் சன்ரூஃபுக்குத் தரும் பணத்தை, ஆறு காற்றுப்பைகளும் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் உள்ள வண்டிக்குத் தரட்டும்.

ஓட்டும் முறைக்குச் செலவே இல்லை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். கருகல் வாசனை வந்தால் அகலமான வளைவில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. மூட்டை ஏற்றிய பிக்கப்பில் ஆள் ஏற்றாதீர்கள். மழை நாளில் மண் சரிந்திருக்கிறதா என்று அடிவாரத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். சரிந்திருந்தால் முள்ளுக்குறிச்சி வழியைப் பிடிக்கலாம்.

நாட்டுத் துப்பாக்கி பயத்துக்கும் மலைச்சாலை பயத்துக்கும் பொதுவான மருந்து, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது. அரப்பளீஸ்வரர் கோயிலுக்கோ ஆகாய கங்கைக்கோ போனவர்கள் மூன்று மணிக்கெல்லாம் செம்மேடு நோக்கிக் கிளம்பிவிட்டால், அவசரமில்லாமல் இறங்கினாலும் வெளிச்சத்திலேயே காரவள்ளி வந்துசேரலாம்.