மணலில் எழுதும் விரல்

மூன்று வயது நிரம்பாத மகன் கையில் பென்சிலைத் தந்துவிட்டு, "எழுத மறுக்கிறான்" என்று வருந்தும் தாய்மார் பலரை நாம் காண்கிறோம். அது பிடிவாதமன்று, பிஞ்சு விரல்களுக்குப் பென்சிலை ஆளும் வலு இன்னும் வரவில்லை.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதியே தமிழ் கற்றார். படித்துத் தேர்ந்த அவருக்கு உதவிய மணல் நம் மைந்தருக்கு உதவாதா?

டேனியக் கோட்டையருகே, அலை எட்டாத ஈரமணலில் பிள்ளையை அமர்த்துங்கள். 'அ' முதலில் வேண்டா. சுழியும் வளைவும் அவனுக்குக் கடினம். நேர்கோடுகளாலான 'ட'வில் தொடங்கி, 'ப', பின்னர் 'ம' எனச் செல்லுங்கள். தோள் அசைய, பெரிதாக எழுதட்டும். பிழையை உள்ளங்கையே அழித்துவிடும், அதட்டலுக்கு வேலையில்லை. 'ம'வுக்குக் கொம்பும் வாலும் வைத்து மாடாக்குவான். ஆக்கட்டும், நாமும் உடன் சிரிப்போம். தம்பி அருகிலிருந்தால் அந்த மாட்டுக்குப் புல் போடுவான்! நண்டு வளைகளை மட்டும் மூடவிடாதீர்கள். உள்ளே உயிர் இருப்பதைச் சொல்லுங்கள்.

பொழுது சாயுமுன் உண்ண வேண்டுமாதலால் நான்கு மணிக்கே புறப்படுவது நலம். கடற்கரை தொலைவிலுள்ள வீடுகளில், தாம்பாளத்தில் பரப்பிய அரிசி போதும்.