லேத்தின் ஓசை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லேத்தில் வழக்கத்துக்கு மாறான ஓசை எழுந்தால், பட்டறைகளில் முதற்பழி ஸ்பிண்டில் பேரிங்கின் மேல்தான் விழுகிறது. சக்கையும் அது பிடித்திருக்கும் ஜாபையும் சுழற்றும் முதன்மைத் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்குவது அது என்பதாலும், அதை மாற்றுவது செலவு மிகுந்த வேலை என்பதாலும், அச்சம் ஆராய்ச்சியை முந்திக்கொள்கிறது. ஆனால் ஓசை எவ்வளவு உரத்தது என்பதைவிட, வேகத்தை மாற்றும்போதும், டூல் வெட்டத் தொடங்கும்போதும், ஒரு பாகத்தை இணைப்பிலிருந்து விடுவிக்கும்போதும் அது எப்படி மாறுகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வெறுமனே ஓடும்போது கடகடக்கும் கியர் பெட்டி பழுதடைந்துவிட்டது என்பது பரவலான முடிவு. வீட்டு மின்இணைப்பில் இயங்கும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரின் முறுக்குவிசை சீரானதன்று. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கியர் பற்களுக்கிடையே பேக்லாஷ் எனப்படும் சிறு இடைவெளி இருந்தே தீர வேண்டும் என்பதால், சுமையில்லாதபோது பற்கள் அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் மோதிக் கடகடக்கின்றன. வெட்டு தொடங்கியதும் ஒரே பக்கமாக அழுந்தி அமைதியாகிவிடுகின்றன. சுமை ஏறியதும் அடங்கும் இவ்வோசை பெரும்பாலும் தீங்கற்றது. சுமைக்கேற்ப வளரும் உறுமலைத்தான் கவனிக்க வேண்டும். பல் உடைந்த கியரின் ஓசையோ வேறு வகை. 40 பற்கள் கொண்ட கியர் நிமிடத்துக்கு 600 சுற்றுகள் ஓடும்போது வினாடிக்கு 400 பற்கள் இணைவதால் தொடர்ந்த ரீங்காரம் கேட்கும். அதில் ஒரு பல் உடைந்திருந்தால் வினாடிக்கு 10 தட்டுகள் தனியே ஒலிக்கும். வேகத்தை 60 சுற்றுகளுக்குக் குறைத்தால் அது வினாடிக்கு ஒரு தட்டாகி, காதாலேயே எண்ணிவிடலாம்.

கியர்களை நெருக்கிப் பூட்டினால் சத்தம் குறையும் என்ற நம்பிக்கை நேர்மாறான பலனையே தரும். திருகு மரை வெட்டுவதற்கென மாற்றி மாற்றிப் பூட்டும் சேஞ்ச் கியர்களை நெருக்கிவிட்டால் அவை ஊளையிடுவதோடு விரைவில் தேயவும் செய்யும். இரண்டு கியர்களுக்கிடையே ஒரு காகிதத் துண்டை வைத்துப் பொருத்தி, போல்ட்டை இறுக்கியபின் கையால் சுழற்றிக் காகிதத்தை வெளியேற்றுவது பழைய டர்னர்களின் முறை. வேண்டிய இடைவெளி அதிலேயே கிடைத்துவிடும். தடித்த ஆயில் ஊற்றுவதும் பேரிங்கை இறுக்குவதும் இதே இனத்து வைத்தியங்கள். முன்னது ஓசையை மழுப்பிச் சூட்டைக் கூட்டும். பின்னது கூம்பு வடிவ உருளை பேரிங்கில் அளவு மீறினால் பேரிங்கையே எரித்துவிடும்.

கேட்கும் இடமே பழுதின் இடம் என்பதையும் நம்புவதற்கில்லை. வார்ப்பிரும்பு உடலின் வழியே அதிர்வு பரவுவதால், மோட்டாரில் பிறந்த ஓசை ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கில் கேட்கக்கூடும். மின்சாரத்தைத் துண்டித்து பெல்ட்டைக் கழற்றியபின் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தாலே பாதி ஐயம் தீரும். அடுத்து பெல்ட்டை மாட்டி, ஃபீட் கியர்களை விடுவித்து ஸ்பிண்டிலை மட்டும் ஓட்டினால் மீதியின் பெரும்பகுதி விளங்கும். நீண்ட நாள் நின்ற இயந்திரத்தில் வி-பெல்ட் புல்லியின் வளைவிலேயே படிந்துபோய், தொடக்கத்தில் தடதடத்துச் சற்று நேரத்தில் அடங்குவதும் உண்டு. அதற்குப் பேரிங்கைத் திறப்பது வீண்.

மிகுதியாகப் பிழைபடப் புரிந்துகொள்ளப்படுவது சாட்டர், அதாவது வெட்டும்போது மட்டும் எழுந்து, ஜாபின் மேல் அலை அலையான தடம் விடும் கீச்சொலி. உலோக வெட்டலைப் பற்றி 1907-இல் வெளியான நீண்ட ஆய்விலேயே ஃபிரெடரிக் டெய்லர் இதை மிகக் கடினமான சிக்கலாகக் கருதினார். இயந்திரம் தளர்ந்திருப்பதே காரணம் என்று பலர் கொள்கின்றனர். தளர்வும் ஒரு காரணமாகலாம், ஆனால் முந்தைய சுற்றில் விழுந்த அலைத்தடத்தின் மேல் டூல் மீண்டும் வெட்டும்போது வெட்டுவிசை ஏறி இறங்கி, அதிர்வு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வது நல்ல இயந்திரத்திலும் நிகழும். அப்போது ஃபீடைக் குறைத்தால் சரியாகும் என்ற எண்ணமும் பல நேரங்களில் தவறு. ஃபீட் என்பது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தொலைவு. அது மிகச் சிறிதானால் டூல் வெட்டாமல் உரசத் தொடங்குவதால், சற்றே கூட்டினால் கீச்சொலி நிற்பதுண்டு. வேகத்தை மாற்றுவதும், டூலின் நீட்டத்தைக் குறைப்பதும் உதவும். நீட்டம் இரு மடங்கானால் டூலின் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடுகிறது. ஓசை எவ்வகை என்பதில் ஐயம் இருந்தால் ஸ்பிண்டில் வேகத்தை மாற்றிப் பார்க்கலாம்: சுருதியும் அதே விகிதத்தில் மாறினால் கியரையோ பேரிங்கையோ தேடலாம்; பெரும்பாலும் மாறாமல் நின்றால் அது டூல், ஜாப், சக் ஆகியவற்றின் இயல்பான அதிர்வெண்ணை ஒட்டி எழும் சாட்டர்.