கைப்பேசியும் கிராமத் தொழிலும்

விளைபொருளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமாயின், அதன் தரத்தை வாங்குவோர் அறிந்திருத்தல் அவசியம். இன்று கைப்பேசியில் படம் எடுத்துச் சமூக ஊடகங்களில் வெளியிடும் ஒருவர், இலட்சக்கணக்கானோர் எதை வாங்குவது என்று முடிவு செய்வதில் செல்வாக்குப் பெறுகின்றார். இத்தகையோரை ‘இன்புளுயன்சர்’ என்பர். இது வெறும் பொழுதுபோக்கன்று. உழைப்பும் வரவும் பொறுப்பும் கொண்ட தொழிலாகும்.

ஓர் உதாரணம்

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு விவசாயக் குடும்பத்தினர், சமையல் தொழிலில் தேர்ந்த பாட்டனார் பெரியதம்பி அவர்களுடன் கூடி, 2018-ஆம் ஆண்டில் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினர். வயல்வெளியில் பெரிய பாத்திரங்களில் சமைப்பதைப் படமாக்கியதே அவர்கள் செய்தது. சமைத்த உணவை முதியோர் முதலானோருக்கு வழங்கினர். 2021-இல் சந்தாதாரர் ஒரு கோடியைக் கடந்தனர். அவ்வாண்டில் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு 10 இலட்சம் ரூபாய் அளித்தனர். தமக்குத் தெரிந்த தொழிலையே காட்டியதும், அதனை இடைவிடாது செய்ததும் இவ்வெற்றிக்குக் காரணங்கள் எனலாம்.

வருவாயின் வழிகள்

யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு பெற, 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் பொதுவாக வேண்டும். நீண்ட படங்களின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படம் எடுத்தவரைச் சேரும். கம்பெனிகள் தம் பொருளைப் புகழ்வதற்குத் தரும் கட்டணம் இரண்டாவது வழி. தம் சொந்தப் பொருளையே விற்பது மூன்றாவது வழி. விவசாயிக்கு மிகவும் ஏற்றது இதுவே.

நம்பிக்கையே மூலதனம்

இரண்டாவது வழியில் எச்சரிக்கை தேவை. கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு பூச்சிமருந்தைப் புகழ்பவரின் சொல்லை நம்பித் தெளிக்கும் விவசாயி, மருந்து பொருந்தாவிடில் ஒரு போக விளைச்சலையே இழக்க நேரிடும். ஆகவேதான், பணமோ இலவசப் பொருளோ பெற்றிருப்பின் அதனைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டுமென்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பொய்யான விளம்பரத்திற்குத் துணை நிற்பவருக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறினால் 50 இலட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கின்றது.

கடத்தூரில் செய்யத்தக்கவை

தருமபுரி மாவட்டம் கடத்தூர் வட்டாரத்தார் வெற்றிலை, புளி, மா, மரவள்ளி ஆகியவற்றை நன்கறிந்தவர்கள். நல்ல வெற்றிலையை இனங்காண்பது எவ்வாறு, கொட்டை நீக்கிய புளியைப் பாதுகாப்பது எவ்வாறு என்று அவர்கள் விளக்கினால் வெளியூரார் ஆவலுடன் கேட்பர். மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதில் ஈடுபடலாம். உணவுப் பொருளைப் பொதி செய்து விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வரவு செலவுக் கணக்கைக் குடும்பக் கணக்கினின்று பிரித்து எழுதுதல் நலம். தொடக்கத்தில் பல மாதங்கள் வருவாய் இராது; எனவே கடன் வாங்கிக் கருவிகள் வாங்குவதும், பயிர்த்தொழிலைக் கைவிடுவதும் கூடா.

பஞ்சாயத்தில் ஆலோசிக்க

1. நம் ஊர்ப் பொருள்களுள் வெளியூரார் அறிய வேண்டியது எது?
2. அதனைப் பிழையின்றி விளக்க வல்லவர் யார்?
3. கைப்பேசியில் புகழப்படும் விதை, மருந்து ஆகியவற்றை வாங்குமுன் வேளாண்மை அலுவலரைக் கலந்துகொள்ளும் வழக்கத்தை ஊரில் ஏற்படுத்துவது எங்ஙனம்?