ஆபத்து வேளையில் கட்டளை யாரிடம்?

ஏரியில் நீர் குறைந்த காலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வயலுக்கு மடையைத் திறந்துகொண்டால் கடைமடை காய்ந்துபோகும். அதனாலன்றோ நம் முன்னோர் மடை திறக்கும் பொறுப்பை நீர்க்கட்டி ஒருவரிடமே விட்டனர்? நிலம் அவருடையதன்று, நீரும் அவருடையதன்று. ஆயினும் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதை அவர் ஒருவரே சொல்வார். ஊரும் அதற்கு உட்படும். பெரும் விபத்து, தீ, வெள்ளம் முதலியன நேரும்பொழுது பல துறையினர் கூடிப் பணியாற்றும் முறைக்கும் இதுவே அடிப்படையாகும். பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அம்முறையை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில் எந்தத் துறையின் வண்டி வருவதற்கும் முன்னர் நிகழிடத்தில் நிற்பவர் ஊராரே.

முறை பிறந்த வரலாறு

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெரும் காட்டுத்தீ மூண்டது. 13 நாட்களில் 16 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 700 கட்டடங்கள் அழிந்தன. 5 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலப்பரப்பு எரிந்தது. பல துறையினர் தீயணைக்க விரைந்தனர். ஆனால் ஒரு துறையின் வானொலிக் கருவி மற்றத் துறையின் கருவியோடு பேசவில்லை. ஒரே பொருளுக்கு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பெயர் வழங்கியது. யாருடைய ஆணையை யார் ஏற்பது என்பதும் முடிவாகவில்லை. பின்னர் அத்துறைகள் ஒன்றுகூடி ஆராய்ந்து, 'நிகழிடத்திற்கு ஒரே தலைமை, எல்லோருக்கும் ஒரே சொல்' என்னும் முறையை வகுத்தன.

முறை வகுத்தால் மட்டும் போதாது. அதனை யாவரும் கைக்கொள்ளுதல் வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரில் நிகழ்ந்த தாக்குதலில் தெற்குக் கோபுரம் முதலில் சரிந்தது. 29 நிமிடங்களுக்குப் பின் வடக்குக் கோபுரமும் சரிந்தது. அவ்விடைவேளையில் வடக்குக் கோபுரத்தினுள் இருந்த தீயணைப்பு வீரர் பலருக்கு மற்றக் கோபுரம் விழுந்த செய்தியே தெரியாது. ஹெலிகாப்டரிலிருந்து போலீசார் கண்டு கூறிய எச்சரிக்கை போலீசாருக்குச் சென்றது. தீயணைப்பு வீரருக்கு நேரே செல்ல வழியில்லை. அன்று மாண்ட தீயணைப்பு வீரர் 343 பேர். இரு படையினரிடத்தும் வீரத்துக்குக் குறைவில்லை; இடையே பாலம் ஒன்றே இல்லை.

நம் நாட்டு ஏற்பாடு

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. 2010இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இம்முறையை நம் நிர்வாகத்துக்கேற்ப அமைத்து வழிகாட்டு நெறிகளாக வெளியிட்டது. அதன்படி மாவட்டத்தில் பொறுப்பு அதிகாரி மாவட்ட ஆட்சியர். அவருக்குக் கீழ், ஆங்கிலத்தில் 'இன்சிடென்ட் கமாண்டர்' எனப்படும் நிகழிடத் தலைவர் ஒருவர் இருப்பார். அவருக்கு மூன்று கைகள் உண்டு. களத்தில் வேலை செய்வது ஒரு பிரிவு. நிலைமையை ஆராய்ந்து அடுத்த வேளைக்குத் திட்டம் வகுப்பது மற்றொரு பிரிவு. ஆள், வண்டி, உணவு, பொருள் ஆகியவற்றைக் கொணர்வது மூன்றாம் பிரிவு. ஒருவர் ஏறத்தாழ ஐவரையே நேரே மேற்பார்வையிட வேண்டும் என்பதும் விதி. ஐம்பது பேர் ஒருவரையே சூழ்ந்து நின்று கேட்டால் யாருக்கும் விடை கிடைக்காதன்றோ?

ஓர் எடுத்துக்காட்டு

ஊருக்கருகே நெடுஞ்சாலையில் பெட்ரோல் லாரி ஒன்று கவிழ்ந்ததாகக் கொள்வோம். முதலில் வந்து சேரும் அதிகாரி போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் எனின், அந்நேரத்திற்குத் தலைமை அவரையே சாரும். அவர் தாமே லாரியை நிமிர்த்த முற்படமாட்டார். கூட்டத்தை அகற்றுவார், கயிறு கட்டி எல்லை வகுப்பார், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வந்து செல்லப் பாதை ஒதுக்குவார். மேலதிகாரி வந்ததும் நிலைமையை விளக்கிப் பொறுப்பை ஒப்படைப்பார். ஒப்படைத்த செய்தி அங்குள்ள யாவருக்கும் அறிவிக்கப்படும்.

தலைமை ஒருவரிடம் எனில் மற்றத் துறைகளின் அதிகாரம் பறிபோகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்வாறன்று. நெருப்பை நுரையால் அணைப்பதா என்பதைத் தீயணைப்பு அதிகாரியே முடிவு செய்வார். யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். எந்த வேலை முதலில், எது பிறகு என்பதை மட்டும் நிகழிடத் தலைவர் சொல்வார்.

போலீசார் கட்டும் கயிற்றைப் பலர் இடையூறாக எண்ணுகின்றனர். 2017 ஜூன் மாதம் பாகிஸ்தானில் பகவல்பூர் அருகே கவிழ்ந்த லாரியிலிருந்து ஒழுகிய எண்ணெயைப் பிடிக்கக் குடமும் கேனும் கொண்டு கிராமத்தார் கூடினர். தீப்பற்றி 200 பேருக்கு மேல் மாண்டனர். அக்கயிறு நம் உயிருக்கு வேலி என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது.

பஞ்சாயத்தின் கடமைகள்

ஊராட்சிகள் உள்ளிட்ட உள்ளாட்சி அமைப்புகள் தம் பணியாளருக்குப் பயிற்சி அளித்தலும், சாதனங்களை ஆயத்தமாக வைத்தலும் சட்டம் விதித்த கடமைகள். நடைமுறையில் நாம் பரிந்துரைப்பவை வருமாறு:

1. ஊரிலுள்ள டிராக்டர், மண்வாரி இயந்திரம், நீர் இறைக்கும் பம்பு, பரிசல், நீண்ட கயிறு ஆகியவற்றையும் உடையவர் பெயரையும் ஒரு பதிவேட்டில் எழுதி, ஆறு திங்களுக்கொரு முறை சரிபார்க்க வேண்டும்.

2. போலீஸ் 100, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 ஆகிய எண்களைப் பொது இடங்களில் எழுதி வைக்க வேண்டும். தகவல் சொல்வோர் இடம், நிகழ்ந்தது என்ன, காயமுற்றோர் எத்தனை பேர், வண்டி வரத்தக்க வழி எது என்னும் நான்கையும் சொல்லுதல் வேண்டும்.

3. ஊர் சார்பில் அதிகாரிகளிடம் பேச ஒருவரையும், அவர் இல்லாதபோது மற்றொருவரையும் முன்னதாகவே குறித்துவிட வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் அதிகாரிகள் குழம்புவர். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்.

4. வரும் வண்டிகளும் தொண்டர்களும் முதலில் ஒரு திடலில் நிற்க வேண்டும். அழைத்தபின்னரே உள்ளே செல்லலாம். அத்திடலையும் இப்பொழுதே தெரிந்தெடுத்தல் நன்று.

5. வயோதிகர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதவர் வசிக்கும் வீடுகளின் பட்டியல் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வெள்ளக் காலத்தில் மீட்போர் கேட்கும் முதற் கேள்வி இதுவே.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, காவல் நிலையத்தாரையும் தீயணைப்பு நிலையத்தாரையும் அழைத்துப் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும். ஆபத்து வந்த நாளில் முதன்முறையாக ஒருவரையொருவர் காண்போர் சேர்ந்து பணியாற்றுவது அரிது. முன்பே அறிமுகமானோர்க்கு அது எளிது. அவ்வறிமுகத்தைச் செய்துவைக்கும் பொறுப்பு பஞ்சாயத்தினுடையது.