பற்பாலத்துக்கு எந்தப் பீங்கான்?

‘பல் போனால் சொல் போச்சு’ என்பர் நம் பெரியோர். போன பல்லுக்கு மாற்றுப் பல் வைப்பது இன்று எளிது. எந்தப் பொருளால் வைப்பது என்பதே கேள்வி. தேவிகுளம், பீருமேடு தோட்டங்களிலும் சித்தூர்ப் பக்கத்து ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இது பெருஞ்செலவு. பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளின் தன்மையை அறிந்து வாங்குதல் நன்று அன்றோ? பொருள்களின் அறிவியலைப் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் அறிந்ததைக் கூறுகிறேன்.

1965ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் பிரானெமார்க், நோயாளி ஒருவரின் தாடையெலும்பில் டைட்டேனியத் திருகுகளைப் பதித்தார். எலும்பு அவற்றோடு ஒன்றிவிட்டது. இதுவே இம்பிளாண்ட். இத்தகைய திருகுகளைத் தூண்களாக நிறுத்தி, இடைவெளிக்கும் சேர்த்துப் பற்களை இணைத்து வைப்பது பற்பாலம்.

இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்த்திசு உண்டு. அது கடியின் அதிர்ச்சியைத் தணிக்கும். சோற்றில் கல் இருந்தால் உடனே உணர்த்தும். திருகுக்கு அந்த நார் இல்லை. ஆகவே பாலம் தாங்கவேண்டிய சுமை மிகுதி. பீங்கானோ அழுத்தினால் தாங்கும், வளைத்தால் முறியும். கடிக்கும்போது பாலத்தின் அடிப்புறம் இழுபடுகிறது. பெரும்பாலும் இரு பற்கள் இணையும் இடத்தில் விரிசல் பிறக்கிறது.

எனவே முதலில் காணவேண்டியது வளைவு வலிமை. ஐ.எஸ்.ஓ. 6872 என்னும் உலகத் தர விதி, கடைவாய்ப் பல் சேராத மூன்று பல் பாலத்துக்கு 300 மெகாபாஸ்கல், கடைவாய்ப் பல் சேர்ந்தால் 500, நான்கும் அதற்கு மேலும் ஆனால் 800 என வகுக்கிறது. லித்தியம் டைசிலிகேட் என்னும் கண்ணாடிப் பீங்கானின் வலிமை ஏறத்தாழ 400. அழகில் சிறந்த இது முன்பற்களுக்கு ஏற்றது. கடைவாய்ப் பாலத்துக்கு ஆகாது.

அங்கே கைகொடுப்பது சிர்க்கோனியா. இதன் மூலப்பொருளான சிர்க்கான் மணல், கொல்லத்துச் சவறையிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கிடைக்கிறது. நூற்றுக்கு 3 பங்கு இட்ரியா சேர்ந்த வகையின் வலிமை 900க்கும் மேல். விரிசல் நெருங்கும்போது அங்குள்ள படிகங்கள் வடிவம் மாறிச் சற்றே பருத்து, அவ்விரிசலையே நெருக்கி மூடுகின்றன! 1975இல் இவ்வியல்பை விளக்கிய ஆஸ்திரேலிய அறிஞர்கள், ‘பீங்கான் எஃகோ இது?’ என்று வியந்தனர்.

ஆனால் ஒளி ஊடுருவும் அழகுக்காக இட்ரியாவை 5 பங்காக உயர்த்தினால் இந்த ஆற்றல் பெரிதும் குன்றிவிடும். பெயர் ஒன்று, பொருள் வேறு. வலிய சட்டத்தின்மேல் மென்பீங்கான் பூசினால், சட்டம் நிலைத்தாலும் பூச்சு பெயர்வதுண்டு. ஆதலின் கடைவாய்க்குப் பூச்சில்லாமல் நன்கு மெருகிட்ட சிர்க்கோனியா தகும். பல்லாண்டு பயன்பட்டுத் தேர்ந்த உலோகப் பீங்கானையும் பழமை என்று தள்ள வேண்டியதில்லை.

நிறத்தையும் மறத்தல் கூடாது. சித்தூர் வட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த இடங்கள் உண்டு. அந்நீரைப் பருகி வளர்ந்தோரின் பற்கள் பழுப்புக் கறை படிந்திருக்கலாம். அங்கே வெள்ளை வெளேரென்ற பல் பொருந்தாது.

நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். பாலம் எத்தனை பல்லுக்கு? எந்த இடத்தில்? எந்த வகைச் சிர்க்கோனியா? மேற்பூச்சு உண்டா? இணைப்பின் கனம் போதுமா? இரவில் பல்லைக் கடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் கூறவேண்டும். விலையைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே.